விரலிடுக்கில் ஒரு தாள்

என் இடது கைச் சுண்டுவிரல் முழுதாக நிமிராது. சின்ன வயதில் கதவில் நசுங்கியதா என்று கேட்பார்கள். சில வருடம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது, தொழுநோய் வந்து குணமானது என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர் முகம் மாறும். கொஞ்ச நேரம் கழித்து அவரே தனியாக வந்து, “எங்க வீட்ல ஒருத்தருக்கு முதுகுல தேமல் மாதிரி இருக்கு, கிள்ளுனாத் தெரியலங்குறாரு” என்று சொல்வதும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கோம்பை. பெயர் ராஜேஸ்வரி, வீட்டில் ராஜி. அப்பாவுக்குத் தென்னையும் வாழையும் உண்டு. 1996இல் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தபோது, என்.சி.சி. பேண்டில் சைடு டிரம் அடிக்க ஆள் இல்லை என்று என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். அணிவகுப்புக்கு அடிக்கும் அடி ஒரே மாதிரிதான். ஆனால் குச்சி தோலில் விழுந்து தானாக எழும்பி வரும் அந்தத் துள்ளல் எனக்குப் பிடித்துப்போனது. மூன்று வருடமும் பாடத்தைவிட அதைத்தான் ஒழுங்காகப் படித்தேன்.

படிப்பு முடிந்து பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே என் பிரிவில் இருந்தவன் சதீஷ். கிடார் வாசிப்பான், பாடுவான், தமிழில் பாட்டும் எழுதுவான். அவன் அறை நண்பன் பினு, குமுளிக்காரன், பேஸ் கிடார். கம்பம் பள்ளத்தாக்கின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான் என்பதால் வந்த முதல் நாளே ஒட்டிக்கொண்டான். அவர்கள் வாசித்தது பங்க் ராக். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், ஒரு பாட்டு இரண்டு நிமிடம்தான், கிடாரில் மூன்று பிடி, ஓட்டமாக ஓடும், அழகாகப் பாடத் தெரிந்தால்தான் தப்பு. அதில் டிரம்காரருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். எங்கள் தோட்டத்து மோட்டாருக்கு வருகிற கரண்டின் பெயரையே குழுவுக்கும் வைத்தேன்: ‘மூணு பேஸ்’. மூன்று பேர், சரியாகத்தான் இருந்தது.

2001இலிருந்து மூன்றரை வருடம் அடித்தேன். கல்லூரி விழாக்கள், சின்னச் சின்ன ஹோட்டல் மேடைகள், ஒருமுறை சென்னை, ஒருமுறை கொச்சி. பெண் டிரம் அடிக்கிறாள் என்று பார்க்க வருவார்கள். மூன்றாவது பாட்டில் அதை மறந்துவிடுவார்கள். அந்த மறதிக்காகத்தான் நான் அடித்தேன்.

2004இல் ஒரு மேடையில் கடைசிப் பாட்டு முடிந்ததும் முன்வரிசை கத்தியது. என்னவென்று குனிந்து பார்த்தால், ஸ்னேர் டிரம்மின் வெள்ளைத் தோல் முழுக்க ரத்தப் புள்ளிகள். இடது கை மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் தோல் உரிந்து தொங்கியது. வலது கையில் வந்திருந்த சின்னக் கொப்புளம் சுள்ளென்று எரிந்தது. உரிந்து தொங்கிய இடது கை வலிக்கவே இல்லை. சதீஷ் அந்த டிரம்மைப் போட்டோ எடுத்து அடுத்த கச்சேரிக்குப் போஸ்டர் அடித்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்னை வலியைத் தாங்குகிறவள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

அதன் பிறகு ஒத்திகையில் குச்சி நழுவ ஆரம்பித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றியது போலிருந்தது. ஓர் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். ஓயாமல் டிரம் அடித்ததால் மணிக்கட்டு நரம்பு அழுந்தியிருக்கிறது, ஒரு மாதம் ஓய்வெடுங்கள் என்றார். டிரம் அடிக்கிறேன் என்று நானே முதலில் சொல்லிவிட்டதால் அவருக்கு வேறு காரணம் தேடத் தோன்றவில்லை. முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய படையை நானும் காட்டவில்லை. அது வெயிலால் வந்தது என்று இருந்தேன்.

ஓய்வுக்கு ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாள், அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனேன். எதிரே வந்த அம்மா அலறினாள்.

“ஏத்தா, கீழ வையி! கை வெந்துக்கிட்டு இருக்கு, தெரியலையா ஒனக்கு?”

வைத்துவிட்டுப் பார்த்தேன். சட்டியின் விளிம்பில் பட்டிருந்த சுண்டுவிரல் ஓரம் வெளுத்துப் பொங்கியிருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் வலியை மறைக்கிறேனா என்று தேடினாள் என்று நினைக்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

மறுநாள் அப்பா என்னைத் தேனிக்கு ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த இடம். எங்கள் டோக்கன் முப்பத்தொன்று. முகப்பரு வந்த பிள்ளைகளும் சொறி வந்த குழந்தைகளுமாக இரண்டு பெஞ்சு நிறைய ஆட்கள். அப்பா சுவரில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். படையைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பஞ்சைத் திரியாகத் திரித்து, “கண்ண மூடிக்கம்மா. நான் தொடுற எடத்த மத்தக் கையால தொட்டுக் காட்டு” என்றார். தோளில் தொட்டார், காட்டினேன். மேல்கையில் தொட்டார், காட்டினேன். பிறகு சும்மா இருந்தார். “ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டேன்.

“நிறுத்தல. தொட்டுக்கிட்டேதான் இருக்கேன்” என்றார்.

கண்ணைத் திறந்தேன். பஞ்சு படையின் நடுவில் இருந்தது.

பிறகு என் முழங்கையின் உள்பக்கம், இடித்துக்கொண்டால் ‘கரண்ட்’ அடிக்குமே அந்த இடத்தில், விரலை வைத்து உருட்டினார். என் விரலையும் எடுத்து வைத்துக் காட்டினார். உள்ளே நரம்பு சணல் கயிறு போலத் தடித்திருந்தது. முதுகில் பார்த்தார். எனக்கே தெரியாமல் அங்கே இன்னும் ஐந்து படைகள் இருந்தன.

“இது தொழுநோய்” என்றார். குரலைத் தாழ்த்தவில்லை, இழுக்கவும் இல்லை. “மருந்து இருக்கு. அரசாங்கமே சும்மா குடுக்குது. ஒரு வருஷம் விடாம சாப்பிட்டா போயிரும். மாத்திரை ஆரம்பிச்ச ஒடனே அடுத்தவங்களுக்குப் பரவுறதும் நின்னுரும்.”

அப்பா எழுந்து நின்றுவிட்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. “எங்க வம்சத்துல யாருக்கும் இல்லங்களே” என்றார்.

“வம்சத்துல வர்றது இல்லய்யா இது. ஒரு கிருமி. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. மூச்சுக் காத்துல வரும். முக்காவாசிப் பேர் உடம்பு அத அடிச்சு வெரட்டிரும். இவங்க உடம்பு வெரட்டல, அவ்வளவுதான். நீங்க, அவங்க அம்மா, கூடப் பொறந்தவங்க எல்லாரும் ஒரு தடவ வந்து தோலக் காட்டிட்டுப் போங்க.”

திரும்பும் பஸ் சின்னமனூர் ஸ்டாண்டில் நின்றபோது அப்பா, “அந்தம்மா பயப்பட வேணாம்னு சொன்னாக” என்றார். அவர் தனக்குத்தான் சொல்லிக்கொண்டார்.

மாத்திரை அட்டை ஒன்று ஒரு மாதத்துக்கு. முதல் நாள் மாத்திரைகளைச் செவிலியர் முன்னால் விழுங்க வேண்டும்; அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். இன்னொரு மாத்திரை தோலைக் கறுக்க வைக்கும். இதெல்லாம் முன்பே சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது வாரம் நடக்கப்போவதையும் சொல்லியிருந்தார்கள், நான்தான் சரியாகக் கேட்கவில்லை. செத்த கிருமிகளோடு உடம்பு சண்டைக்குப் போகும். அந்தச் சண்டை நரம்புக்குள்ளே நடந்தால் நரம்பு வீங்கும். இதற்கு ரியாக்‌ஷன் என்று பெயர். படைகள் சிவந்து தடித்தன. முழங்கையில், பல் வலியை எடுத்து வைத்ததுபோல ஒரு வலி. இரண்டு நாளில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் போனது. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கின.

ஆண்டிபட்டிப் பக்கம் இருந்த ஒரு தொழுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வேப்பமரங்களுக்கு நடுவே ஓட்டுக் கட்டடங்கள். பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். அங்கே பிசியோதெரபி பார்த்தவர் தங்கராஜ் சார். என் விரல்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, “இறுக்கிப் பிடிங்க, நான் உருவப் போறேன்” என்றார். உருவினார். தாள் வெண்ணெயில் கத்தி போல வந்துவிட்டது. நான் பிடித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன்.

“பூஜ்யம் இல்ல, கொஞ்சம் துடிப்பு இருக்கு. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க” என்று சொல்லிச் சீட்டில் எழுதினார். “என்ன வேலை பாக்குறீங்க?”

சொன்னேன். டிரம்மும் அடிப்பேன் என்றதும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“அடுத்த மூணு மாசம் குச்சியத் தொடக் கூடாது. அடிக்கிற ஒவ்வொரு அடியும் அந்த வீங்குன நரம்பு மேலதான் விழும். அதுக்கப்புறம் என்னன்னு இந்தத் தாள்தான் சொல்லணும்.”

காலையில் எட்டு ஸ்டீராய்டு மாத்திரை. நரம்பின் வீக்கத்தைக் குறைப்பது அதுதான். வாரம் போகப் போகக் குறைத்துக்கொண்டே வருவார்கள், திடீரென்று நிறுத்தக் கூடாது. அதனால் முகம் பூசணிக்காயாக உப்பியது, நாள் முழுக்கப் பசித்தது. முழங்கையை அசைக்காமல் வைக்க ஒரு பட்டை கட்டினார்கள். அது உரசிப் புண்ணாகி எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று, அம்மா தன் பழைய வாயில் சேலையைக் கிழித்து உள்ளே மெத்தைபோலத் தைத்துப் போட்டாள். அம்மா என் கூடவே தங்கினாள். ஊரில் ‘ராஜிக்கு நரம்புக் கோளாறு’ என்று சொல்லியிருந்தோம். அது பொய்யும் இல்லை.

பக்கத்துக் கட்டில் பேச்சியம்மா. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நோய் எப்போதோ குணமாகிவிட்டது, ஆனால் பாதத்தில் உணர்ச்சி போனது போனதுதான். பந்தல் கம்பித் துண்டு ஒன்று காலில் ஏறி, இரண்டு நாள் அதோடே நடந்திருக்கிறாள்.

“நீங்க என்ன வேல பாக்குறீக?” என்று கேட்டாள்.

“டிரம் அடிக்கிறேன்.”

“எழவு வீட்லயா?”

“இல்ல. பெங்களூர்ல, பாட்டுக் கச்சேரியில.”

“பாட்டு நல்லாருக்குமா?”

“இருக்காது. காது வலிக்கும்.”

“அப்பறம் எதுக்கு வந்து கேக்காக?”

யோசித்தேன். “அவுகளும் கத்தலாம், அதுக்குத்தான்” என்றேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். அந்த வார்டில் நான் முதலில் சிரித்ததும் அன்றுதான்.

என் தம்பி பாண்டிக்கு அப்போது அல்லிநகரத்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அம்மா என்னிடம் கேட்டாள், “கல்யாணம் முடியுற வரைக்கும் வாயத் தொறக்க வேணாம், என்னத்தா?” நான் அதற்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தேன். பாண்டி பார்க்க வந்தபோது அவனிடம் நானே சொன்னேன், யாருக்கும் சொல்லாதே என்று. அவன் தலையை ஆட்டவில்லை. பழத்தை வைத்துவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்து வந்தான். வார்டு வாசலில் நின்றுகொண்டே, “பொண்ணு வீட்ல சொல்லிட்டேன்” என்றான். “யோசிச்சுச் சொல்றோம்னாக. நேத்து ஆள் விட்டு வேணாம்னுட்டாக.”

அம்மா அவன் தோளில் அடித்தாள். எனக்கும் ஆத்திரம் வந்தது. “ஒன்ட்ட நான் கேட்டேனாடா, போய்ச் சொல்லுன்னு? இது என் ஒடம்பு.”

“ஒன் ஒடம்புதாக்கா. ஆனா கல்யாணம் என்னுது. கட்டிக்கிட்டு வந்த பெறகு தெரிஞ்சா அந்தப் புள்ள மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?”

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் அவனை நான் மன்னிக்கவில்லை. அவனால் விஷயம் அல்லிநகரத்திலிருந்து கோம்பைக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. அப்பா டீ குடிக்கும் கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். அவர் அதைக் குடித்துவிட்டு, மறுநாளும் அதே கடைக்குத்தான் போயிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அப்பா அல்ல, பாண்டி.

பெங்களூருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றரை வருடம் ஒரே அடைத்த அறையில் மூச்சுவிட்டவர்கள் அவர்கள். தோலைக் காட்டச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு பேருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன், நோயின் பெயரை எழுதியே அனுப்பினேன். சதீஷ், ‘டேக் கேர்’ என்று பதில் போட்டான். எல்லாவற்றையும் எதிர்த்துப் பாட்டு எழுதுகிறவன். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

பினு நேரில் வந்தான். குமுளிக்குப் போகிற வழியில் இறங்கினானாம். வந்தவன் என் கட்டிலிலேயே உட்கார்ந்தான். அம்மா வேகமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவன் கவனிக்கவே இல்லை. தங்கராஜ் சார் அவனை வெளிநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“சதீஷ் வேற ஆள எடுத்தாச்சு” என்றான் பினு. “நல்லாத்தான் அடிக்கிறான். நீ அடிக்கிற மாதிரி இல்ல.”

“நீ?”

“அடுத்த வாரம் ஷோ இருக்கு. நான் போகணும் ராஜி.”

“போ. நானா இருந்தாலும் போவேன்.”

உண்மையில் போயிருப்பேனா என்று தெரியாது. அவன் போன பிறகு அம்மா அந்த மெத்தை விரிப்பைத் தட்டிச் சரிசெய்தபடி, “மலையாளத்துப் பய. ஒரு வாய் சாப்பிட்டுப் போயிருக்கலாம்” என்றாள். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். மருத்துவமனையில் அழுதது அந்த ஒரு முறைதான்.

வாரத்துக்கு ஒருமுறை தாள் சோதனை. மூன்று வாரம் சும்மா வந்தது. நான்காவது வாரம் கொஞ்சம் தடங்கியது. ஆறாவது வாரம் தங்கராஜ் சார் உருவினார். தாள் என் கையில் கிழிந்த துண்டாக நின்றது. அவர் தன் கையில் இருந்த பாதியைப் பார்த்துவிட்டு, “அடுத்தது” என்று அடுத்த விரலிடுக்கில் செருகினார். அங்கே உருவிக்கொண்டு வந்துவிட்டது. சுண்டுவிரல் பக்கம் அதற்கு மேல் தேறவில்லை. நூற்றுக்கு எண்பது பங்கு கை திரும்பியது, இருபது பங்கு போனது என்றார். முதல் விரல் மரத்தபோதே வந்திருந்தால் அந்த இருபதும் இருந்திருக்கும் என்பதை, நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

இரண்டு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சமையல்கட்டுக்குள் போனேன். சட்டி, தோசைக்கல், பால் குண்டா, கரண்டி என்று சூடேறும் எல்லாவற்றின் பிடியிலும் தேங்காய் நார்க் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அப்பா உட்கார்ந்து சுற்றியிருக்கிறார். அம்மாதான் கழுவுவது கஷ்டமாக இருக்கிறது என்று குறைசொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு அட்டை முடிந்தது. குணமாகிவிட்டது என்று சீட்டில் முத்திரை குத்தித் தந்தார்கள். கறுத்த தோல் வெளுக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. பெங்களூர் வேலைக்குத் திரும்பாமல், தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பாண்டிக்கு 2007இல் போடியில் பெண் அமைந்தது. அவன் இந்த முறையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டான். அந்தப் பெண்ணின் அப்பா, “மருந்து சாப்பிட்டாச்சுல்ல?” என்று மட்டும் கேட்டாராம். அதன் பிறகுதான் நான் அவனோடு சரியாகப் பேச ஆரம்பித்தேன்.

குச்சியை மறுபடி எடுத்ததும் அந்த வருடம்தான். சைக்கிள் டியூபை வெட்டி இடது குச்சியின் அடியில் சுற்றினேன், பிடிக்கக் கொஞ்சம் பருமனாக இருக்கட்டும் என்று. தலையணையை வைத்துத்தான் ஆரம்பம். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பேன். சிவந்திருந்தால் அன்றைக்கு அத்தோடு சரி. வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும். இதைப் பேச்சியம்மா தன் காலைப் பார்ப்பதைப் பார்த்து நானாகவே எடுத்துக்கொண்டேன். பழைய வேகம் வரவில்லை. அதில் முக்கால்வாசி வந்தது.

‘மூணு பேஸ்’ எப்போதோ கலைந்துவிட்டது. பினு ஊருக்கே வந்து அவன் அண்ணனின் ஏலக்காய்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2009இல் கூப்பிட்டான். கொச்சியிலிருந்து லீனா என்று ஒரு கிடார்ப் பெண், சொந்தப் பாட்டு வைத்திருக்கிறாள், டிரம்முக்கு ஆள் இல்லை, வா என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்பத்தில் பஸ் மாறி மலையேறினேன். ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டைகளை ஓரமாகத் தள்ளி டிரம்மைப் போட்டிருந்தார்கள்.

லீனாவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கிடார் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தாள். வாசிக்க உட்காரும் முன் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

“எனக்குத் தொழுநோய் இருந்தது. மருந்து சாப்பிட்டு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. யாருக்கும் ஒட்டாது. ஆனா இந்தக் கை முன்ன மாதிரி இல்ல. ரொம்ப வேகமான பாட்டுன்னா என்னால முடியாமப் போகலாம்.”

அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். பிறகு பினுவைப் பார்த்தாள். அவன் ஸ்ட்ரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தான்.

“இது மெதுவான பாட்டு இல்ல சேச்சி” என்றாள். “பறக்கணும்.”

“சரி, பார்க்கலாம்.”

“ஆரம்பிக்க முன்னாடி குச்சியில தட்டுற கவுண்ட் நாலா, ரெண்டா?”

“நாலு” என்று சொல்லி, குச்சி இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினேன்.